நாகக்கல்லின் குங்குமம்

பஸ் ஏறியதிலிருந்து நானும் நாத்தனாரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் ஒரு துணிப்பை. ஆஸ்பத்திரியில் மகளைச் சேர்த்த நாளிலிருந்து அந்தப் பையை அவள் கீழே வைத்து நான் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று வார்டிலேயே ஒருமுறை கேட்டேன். "சும்மா, சாமி சாமான் அண்ணி" என்றாள். மேற்கொண்டு கேட்க எனக்கு இஷ்டமில்லை.

அவளுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளை ப்ரெஷர் ஏறி, கேகாலை ஆஸ்பத்திரியில் நிறைமாத வயிற்றோடு படுத்திருந்தாள். இதற்கு முன் தரித்த இரண்டும் தங்காமல் ஏழு எட்டு மாதத்தில் போய்விட்டன. இது மட்டும்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தது. மறுநாள் காலையில் வயிற்றைக் கிழித்து எடுப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். பகல் பார்வை நேரம் முடிந்து எங்களை வார்டிலிருந்து வெளியே விரட்டியதும், நாத்தனார் கேட்டுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோறு வேண்டாம், தேத்தண்ணி வேண்டாம், யட்டியாந்தோட்டை வீட்டுக்கும் போகமாட்டேன். வாய் மட்டும் ஓயாமல் எதையோ முணுமுணுத்தது.

அந்தப் பிள்ளையின் புருசன், எங்கள் மருமகன், என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "நீங்க இவங்கள எங்கயாச்சும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு அந்திக்கு வாங்க. இவங்களப் பாக்கப் பாக்க எனக்கே ப்ரெஷர் ஏறுது" என்றான்.

எங்கே கூட்டிக்கொண்டு போவது? மனசு கொதிக்கும்போது போக எனக்குத் தெரிந்தது ஒரே வகையான இடம்தான்.

என் வீட்டுக்காரர், அதாவது இவளுடைய அண்ணன், போய்ச் சேர்ந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் நெஞ்சு தடதடக்கும். கிளினிக்கில் பார்த்தார்கள், நோய் ஒன்றுமில்லையாம். தேத்தண்ணியில் சீனியைக் குறைக்கச் சொல்வதுபோல, டென்ஷனைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அந்த நாட்களில் ஒரு தடவை மழைக்கு ஒதுங்கப்போய்ப் பழைய குகை விகாரை ஒன்றுக்குள் ஏறிவிட்டேன். மேலே ஆளை விழுங்குகிற பெரிய பாறை. மழைத்தண்ணி உள்ளே வராமல் இருக்கப் பாறையின் விளிம்பில் அந்தக் காலத்துக்காரர்கள் ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். தண்ணி அந்தக் கோட்டோடு நின்று வெளியே சொட்டியது. உள்ளே படுத்திருக்கும் புத்தர். நாலைந்து பெண்கள் தரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளை. நானும் அன்றைக்கு வெள்ளைதான் கட்டியிருந்தேன்.

தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான் வெள்ளை கட்டி நடந்தால் எதிரே வருகிற பொம்பளைகள் ஒரு அடி ஒதுங்குவார்கள். இங்கே ஒருத்தி நகர்ந்து எனக்குப் பாய் கொடுத்தாள். என் வெறும் நெற்றியை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லா நெற்றியும் வெறும் நெற்றி. அன்றைக்குச் சொட்டுகிற தண்ணியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுத் தடதடப்பு எப்போது நின்றதென்று எனக்கே தெரியவில்லை. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். யாரோ தோளிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டமாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அதுவே எனக்குப் பைத்தியமாகிவிட்டது. கையில் கொஞ்சம் காசும் ஒரு லீவு நாளும் கிடைத்தால் பஸ் ஏறிவிடுவேன். நிவித்திகலப் பக்கம் போயிருக்கிறேன், றக்வான ரோட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறேன். எங்கே பழைய கல், பழைய குகை என்றாலும் அங்கே இருப்பேன். சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. விகாரைகளில் என்னை எல்லோரும் "அம்மே" என்றுதான் கூப்பிடுவார்கள். தங்களில் ஒருத்தி என்று நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. அந்த நிம்மதியில் ஒரு பங்கு, யாரென்று யாருக்கும் தெரியாமல் இருப்பதில் கிடைத்த நிம்மதி என்பதும் எனக்குத் தெரியும்.

நாத்தனாரோடு பேசாததற்குக் காரணம் வளைகாப்பு. மகளுக்கு வளையல் அடுக்கிய அன்றைக்கு நானும் போயிருந்தேன். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் எத்தனையோ வருசம் வேலை பார்த்தவள் நான். தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போனதும் அந்தப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, பீத்துணி அலசி, தொட்டில் ஆட்டியது இந்தக் கைதான். இவள் மகளும் அந்தத் தொட்டிலில் கிடந்தவள்தான். அப்படிப்பட்ட என்னிடம் வந்து நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, நீங்க கொஞ்சம் குசினியில இருங்க. சாதம் வெந்துருச்சான்னு பாருங்க."

சாதம் எப்போதோ வெந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெளியே கண்ணாடி வளையல் குலுங்கிய சத்தமும் பெண்கள் சிரித்த சத்தமும் கேட்டன. மூக்குச் சிந்தலாம், வளையல் போடக்கூடாது. அன்றைக்கு வந்த கோபம் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட அந்தப் பிள்ளைக்காகத்தான் வந்தேன், இவளுக்காக இல்லை.

நான் மழைக்கு ஒதுங்கிய அதே குகை விகாரையின் அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அவள் உடுத்தியிருந்தது செக்கச்செவேல் என்ற சேலை, நெற்றியில் காசளவு பொட்டு. வேண்டுமென்றே கட்டிவந்தவள்போல இருந்தாள். படி ஏறும்போது நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். செருப்பைக் கழட்டு. புத்தருக்கு முதுகைக் காட்டி நிற்காதே. சத்தம் போடாதே. அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி" என்றாள். கண் மட்டும் கையிலிருந்த போனிலேயே இருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்கிருந்தோ வேன் பிடித்து ஒரு கூட்டம் வந்திருந்தது. குகை வாசலுக்கு வந்ததும் நாத்தனார் நின்றுவிட்டாள்.

"நீங்க போங்க அண்ணி. உள்ள வந்தா எனக்கு அழுக வந்துரும். நான் அந்தக் கொளத்துகிட்ட உக்காந்திருக்கேன்."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. உள்ளே போய் என் வழக்கமான மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். நெஞ்சு தடதடத்தது. மூச்சைக் கவனி என்று எனக்கு நானே சொன்னேன். மூச்சுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக் கட்டிலும் அந்தப் பிள்ளையின் வீங்கிய காலும்தான் வந்தன. பிறகு வளையல் சத்தம் வந்தது. கோபமும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மூச்சைப் பிடித்தேன். வெகுநேரம் கழித்துக் கொஞ்சமாய் அடங்க ஆரம்பித்தது. காலையில் பெய்த மழை பாறை விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தம் காதில் விழுந்தது.

அப்போதுதான் சூட வாசனை வந்தது.

ஊதுபத்தி இல்லை, தேங்காய் எண்ணெய் விளக்கு இல்லை, சூடம். விகாரையில் எனக்குப் பழக்கமில்லாத வாசனை, வீட்டில் நன்றாகப் பழகிய வாசனை. எழுந்து வெளியே ஓடினேன்.

குளத்தங்கரையில் ஒரு பழைய கல் உண்டு. ஐந்து தலை நாகம் படம் எடுத்து நிற்பதுபோல அதில் செதுக்கியிருப்பார்கள். தண்ணிக்குக் காவலாக ராஜா காலத்தில் வைத்தது என்று காவலாளி ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். சுற்றிலும் கயிறு கட்டி, தொடக்கூடாது என்று சிங்களத்தில் பலகை போட்டிருந்தது. நாத்தனாருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்திருந்தாலும் நின்றிருக்கமாட்டாள். எங்கள் தோட்டத்தில் அத்திமரத்தடியில் இதே மாதிரி ஒரு நாகம்மா இருக்கிறாள். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் அவளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்காமல் தாண்டிப்போகமாட்டார்கள். எங்கள் ஆட்கள் கண்ணில் அது ராஜா காலத்துக் கல் இல்லை. இத்தனை நாளாய் யாரும் பொட்டு வைக்காமல் விட்டுவிட்ட ஒரு நாகம்மா.

ஐந்து தலையிலும் மஞ்சளை அப்பியிருந்தாள். ஒவ்வொரு தலையிலும் கைநிறையக் குங்குமம். அடியில் சூடம் எரிந்து கல் கறுத்திருந்தது. அவள் கயிற்றுக்கு உள்ளே முட்டிபோட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மொகத மே களே?" என்று காவலாளி கத்திக்கொண்டு ஓடிவந்தார். என்ன செய்துவிட்டாய் என்று அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வேன் கூட்டம் முழுக்கச் சுற்றி வளைத்துவிட்டது. ஒரு இளம்பெண் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தொடங்கினாள். யாரோ பொலிஸ் என்றார்கள். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு உடம்பெல்லாம் கூசும். அது எதில் தொடங்கி எதில் முடியும் என்று இந்த ஜில்லாவில் வாழ்கிற ஒவ்வொரு தமிழருக்கும் தெரியும்.

போன் வைத்திருந்த பெண் என் பக்கம் திரும்பி, "அம்மே, பாத்தீங்களா இந்தத் தமிழ்ப் பொம்பள செஞ்ச வேலைய?" என்று சிங்களத்தில் கேட்டாள். எனக்கு வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. அவளுக்கு நான் அவள் ஆள்.

"அவ என் புருசனோட கூடப்பிறந்த தங்கச்சி" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு போனை என் பக்கமும் திருப்பினாள்.

காவலாளி யாருக்கோ போன் பண்ணிவிட்டார். தன் வேலை போய்விடும் என்று அவருக்கு நடுக்கம். தொல்பொருள் இலாகாப் பெரிய ஐயாமார் பொலிஸோடு வரும்வரை யாரும் நகரக்கூடாது என்றார். அதற்குள் கீழே பிக்குமார் தங்கும் பன்சலையிலிருந்து ஹாமதுரு குடையோடு ஏறிவந்தார். வயசான பிக்கு, முழங்கால் வலி போல, ஒவ்வொரு படிக்கும் முகம் சுருங்கியது. கல்லைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார்.

"அவங்க வர முன்னால இத தொடைச்சு எடுத்திடுங்க. கல்லு பழையபடி இருந்தா நான் பேசிக்கிறேன். இப்படியே இருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அதட்டலும் இல்லை, அன்பும் இல்லை. நியாயமான பேச்சு.

காவலாளி ஒரு வாளியும் துணியும் கொண்டுவந்து நாத்தனார் முன்னால் வைத்தார். அவள் தொடவில்லை. அவர் தானே துணியை நனைத்துக் கல்லுக்குக் கொண்டுபோனார். நாத்தனார் பாய்ந்து இரண்டு கையாலும் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"என் உசிரே போனாலும் அழிக்க விடமாட்டேன்! அண்ணி, சொல்லுங்க இவங்ககிட்ட! புள்ள பொறக்காம குங்குமத்த அழிக்கக்கூடாது!"

கூட்டத்துக்கு அவள் சொன்னது புரியவில்லை. தமிழில் அலறுகிறாள், புனிதமான கல்லைக் கட்டிப்பிடிக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. இரைச்சல் கூடியது. எனக்குப் புரிந்தது. வேண்டிக்கொண்டு வைத்த குங்குமத்தை, வேண்டியது நடக்கும் முன்னால் அழிப்பது எங்களுக்கு அந்த வயிற்றுப் பிள்ளையையே அழிப்பது மாதிரி. ஹாமதுருவுக்கு அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் போன் அடித்தது. கீழே கிடந்ததை நான்தான் எடுத்தேன். மருமகன். அழுகிறானா கத்துகிறானா என்று தெரியவில்லை.

"ப்ரெஷர் கூடிருச்சாம். நாளைக்கு வரைக்கும் வைக்க ஏலாதாம், இன்னைக்கே எடுக்கப் போறாங்களாம். அவ அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. எங்க இருக்கீங்க? ஓடி வாங்க!"

நாத்தனாருக்கு என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இருந்தும் கல்லை விடவில்லை. இறுக்கிப் பிடித்தாள்.

பொலிஸ் வந்தால் இவள் மகளிடம் போகமுடியாது. குங்குமத்தைத் துடைத்தால் போகலாம், ஆனால் இவள் துடைக்கமாட்டாள், யாரையும் துடைக்கவும் விடமாட்டாள். அங்கே பிள்ளை தியேட்டருக்குப் போகிறது. ஒரு மணிநேரம் முன்பு வரை குகைக்குள் நான் தேடிக்கொண்டிருந்த அமைதி எங்கே போனதென்று தெரியவில்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

அந்த அடைப்புக்கு நடுவில்தான், எங்கள் மாரியம்மன் கோயிலில் பூசாரி அம்மன் காலடியிலிருந்து குங்குமத்தை அள்ளி எல்லோர் கையிலும் கொடுப்பது நினைவுக்கு வந்தது. கயிற்றைத் தாண்டிப்போய் அவள் பக்கத்தில் முட்டிபோட்டேன்.

"இங்க பாரு. கோயில்ல அம்மன் கால்ல இருந்து குங்குமம் எடுக்கிறோமே, அது அழிக்கிறதா? வாங்கிக்கிறதுதான? நீ வச்சிட்ட, நாகம்மா ஏத்துக்கிட்டா. இப்ப பிரசாதமா எடு. ஒரு பொட்டு விடாம எடுத்து மகளுக்குக் கொண்டுபோ."

அவள் என்னைப் பார்த்தாள். மெல்லக் கல்லை விட்டாள். கையைக் கல்லுக்குக் கொண்டுபோய், தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

"நான் எடுக்கமாட்டேன் அண்ணி. வேண்டி வைக்கலாம், புள்ளைக்கு எடுத்துக் குடுக்க எங் கை ராசியில்லாத கை. மொத புள்ளைக்கும் நான்தான் மொத வளையல் போட்டேன். ரெண்டாவதுக்கும் நான்தான் போட்டேன். ரெண்டும் போயிருச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இந்தத் தடவ பயந்துபோயி, யார் யார் என்ன சொன்னாங்களோ எல்லாத்தையும் கேட்டேன். ஒங்களக் குசினியில உக்கார வச்சதும் அந்தப் பயத்துலதான். நான் எடுக்கமாட்டேன். நீங்க எடுங்க."

"எங் கையா?"

"ஒங்க தொட்டில்ல கெடந்த புள்ள ஒண்ணும் செத்ததில்ல அண்ணி. எடுங்க."

நான் எடுத்தேன். என்னிடம் வேறு துணி இல்லை. வெள்ளைச் சேலையின் முந்தியை விரித்து, ஒவ்வொரு தலையிலிருந்தும் குங்குமத்தை வழித்து வழித்து அதில் போட்டு முடிந்தேன். ஈர மஞ்சள் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சுற்றி நின்றவர்கள் என்ன பேசினார்கள் என்பது காதில் விழவில்லை. கல்லின் சொரசொரப்பும் குளிர்ச்சியும், கை போய் வருவதும் மட்டும்தான் இருந்தன. எத்தனையோ குகைகளில் கண்ணை மூடிக்கொண்டு நான் தேடியது, கண்ணைத் திறந்துகொண்டு அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. கொஞ்ச நேரம்தான், ஆனால் வந்தது.

பிறகு காவலாளி குளத்துத் தண்ணி மொண்டு ஊற்ற, நானும் அவருமாகச் சூடக் கரியைத் தேய்த்துக் கழுவினோம். மஞ்சள் முழுக்கப் போகவில்லை. லேசாக ஒரு நிறம் நின்றது. நான் ஹாமதுருவிடம் போன் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் கல்லைத் தடவிப் பார்த்தார்.

"மிச்சத்த மழை பாத்துக்கும். வாரவங்களோட நான் பேசுறேன். இவங்கள விடு" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார். காவலாளிதான் கீழே ஓடி ஒரு த்ரீவீலை நிறுத்தி வைத்தார். அந்தப் பெண் கடைசிவரை போனை இறக்கவில்லை. வீடியோவை எங்கே போட்டாளோ, நான் தேடிப் பார்க்கவில்லை.

த்ரீவீலில் போகும்போது வளைவுக்கு வளைவு எனக்கு உயிர் போய் வந்தது. நாத்தனார் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். ஒரே ஒருமுறை திரும்பினாள்.

"அந்தக் கையக் கழுவிராதீங்க அண்ணி."

ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளுவண்டி எங்களுக்கு எதிரே வந்தது. பச்சைத் துணி போர்த்திப் பிள்ளை படுத்திருந்தாள், முகம் ஊதி வெளுத்துப்போய். என்னைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது.

"மாமி, சேலையெல்லாம் என்ன ரத்தம்?"

"ரத்தமில்லடி, குங்குமம்."

பொட்டு கிட்டு வைக்கக்கூடாது என்று நர்ஸ் உடனே தடுத்தாள். நான் விலகி நாத்தனாருக்கு வழி விட்டேன். அவள் என் முதுகில் கையை வைத்து என்னை முன்னால் தள்ளினாள். மஞ்சள் காய்ந்த உள்ளங்கையை அந்தப் பிள்ளையின் தலைமேல் வைத்தேன். தொட்டிலில் கிடந்தபோது சொன்னதையே சொன்னேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மாமி இருக்கேன்." வண்டி உள்ளே போய்க் கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு இருந்த நேரத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. மருமகன் சுவரைப் பார்த்து நின்றான். நாத்தனார் என் முந்தியின் முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள், பஸ்ஸில் அந்தப் பையைப் பிடித்திருந்த மாதிரி.

கதவு திறந்தது. நர்ஸ் ஒரு துணிச்சுருளோடு வந்தாள். சுருளுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. பெண்பிள்ளை, தாய் நன்றாக இருக்கிறாள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, "யார் வாங்குறது?" என்று கேட்டாள்.

மருமகனுக்கு அழுகையில் கண் தெரியவில்லை. நாத்தனார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மொத வாங்குறது அண்ணிதான்" என்றாள்.

பிள்ளை மடுவத்தில் எத்தனை பிள்ளைகளைத் தூக்கினேனோ, எனக்குக் கணக்கில்லை. ஒருநாளும் முதலில் வாங்கச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. கழுவாத அந்தக் கைகளை நீட்டினேன்.